காப்புக் கட்டிய வாரத்தில் ஒரு நுழைவுத் தேர்வு

விட்டுவந்த வேலையைப் பற்றிய இந்த மாதிரிக் கட்டுரைகளைப் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள்தான் எழுதுகிறார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜவ்வாது மலையில் பெண்பிள்ளைகளுக்குக் கணினியில் நிரல் எழுதச் சொல்லித் தருவது என் வேலையாக இருந்தது. ஆறு ஆண்டுகள் செய்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

என் இடத்துக்கு இப்போது ஸ்டெல்லா என்ற பெண் வந்திருக்கிறாள். அலுவலகச் சுவரில் இருக்கும் ஒரு படத்தைக் கைபேசியில் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி கௌசல்யா நிற்கும் படம். கீழே ‘மலையிலிருந்து மென்பொருள் வரை’ என்று அச்சடித்திருந்தார்கள். கூடவே ஸ்டெல்லாவின் குரல் பதிவு. “அக்கா, இந்தப் பொண்ண நீங்கதான் ரெடி பண்ணீங்களாமே. எப்படின்னு எழுதிக் குடுங்கக்கா. நானும் அதே மாதிரி பண்றேன்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அதே மாதிரி செய்யாதே என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்தேன். ஏன் என்று கேட்பாள். கேட்டால் முழுவதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடிவாரத்து ஊர்க்காரி. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் குடும்பம். பெண்கள் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தேன். எங்கள் வகுப்பில் மலையிலிருந்து வந்தவள் ஒருத்திகூட இல்லை. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் எதிரே தெரிவது மலைதான் என்றாலும் அதை நான் அப்போது கவனிக்கவில்லை. மலைப்பெண்களுக்குக் கணினி சொல்லித்தரும் ஓர் அறக்கட்டளையில் ஆள் எடுக்கிறார்கள் என்று பங்குத்தந்தை சொன்னார், சேர்ந்துவிட்டேன்.

வேலையைக் கற்றுத் தந்தவர் அம்புரோஸ் சார். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். அவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்துக் குக்கிராமங்களில் அவர் நடக்காத பாதை இல்லை. எந்த வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள், எவள் எந்த வகுப்பில் நின்றாள் என்பதெல்லாம் மனப்பாடம். ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பதை அவர்தான் சொல்லித் தந்தார். வாசலில் நின்று நம் பெயரையும் ஊரையும் முதலில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் பேசுவதற்கு முன்பு அம்மாவிடம் பேச வேண்டும். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தால் நாமும் ஒரு முறத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை போகும்போது வேலை, சென்னை என்ற இரண்டு சொற்களும் வாயில் வரக்கூடாது. மகள் கையை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பிள்ளையை நாமே வீடுவரை கொண்டுபோய் விட வேண்டும். இவ்வளவும் சரி. இன்றைக்கும் ஸ்டெல்லாவுக்கு இதைத்தான் சொல்வேன்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏதாவது சிக்கல் என்று போய் நின்றால் பேனாவை மூடி மேசையில் வைப்பார். அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் சொல்லி முடித்த பிறகும் பேசமாட்டார். அந்த மௌனம் தாங்காமல் நாமே எதையாவது உளறுவோம். உடனே, “நீங்க இன்னா நினைக்கிறீங்க?” என்பார். நினைப்பதைச் சொன்னால், “சரிம்மா, நீங்க சொன்னபடியே செய்ங்க.” அவ்வளவுதான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என்னை நம்புகிறார் என்று பல வருடம் பெருமைப்பட்டேன். அவர் தானாக ஒரு முடிவும் எடுத்ததே இல்லை என்பது புரிய ரொம்ப நாளாயிற்று.

எனக்குத் தந்த ஊர்களில் மேலே, உள்ளடங்கி இருந்தது கௌசல்யாவின் ஊர். பெயர் வேண்டாம். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து மண்பாதையில் ஏற வேண்டும். பாதை அரித்துப்போய்க் கல்லாய்க் கிடக்கும். அந்த ஊர்க்காரர் ஏழுமலையின் சவாரி ஜீப் ஏறும், பைக் ஏறும், வேறெதுவும் ஏறாது. ரேஷன் கடைக்குப் பக்கத்து அறையில் எட்டு மடிக்கணினிகள். மின்சாரம் நினைத்தால் வரும். அதனால் முதல் ஒரு மணி நேரம் கணினியைத் திறக்கவே மாட்டேன்.

அதற்குப் பதில் ஒரு விளையாட்டு. ஒருத்தி கணினி. இன்னொருத்தி அவளுக்குக் கட்டளை சொல்ல வேண்டும். சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யக்கூடாது. ஒருநாள் அஞ்சலி கணினியாக நின்றாள். ஏழாம் வகுப்புப் படிப்பவள். கௌசல்யா கட்டளை சொன்னாள், பன்னிரண்டாம் வகுப்பு. “தண்ணி ஊத்து” என்றாள் கௌசல்யா. அஞ்சலி குடத்தைத் தூக்கித் தரையில் கவிழ்த்துவிட்டாள். “எதுல ஊத்தணும்னு நீ சொல்லலியே” என்று அசையாமல் நின்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. ஜன்னலுக்கு வெளியே கைக்குழந்தையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அஞ்சலியின் அம்மா பொன்னி. “எங்கூட்லயும் ஒரு கம்ப்யூட்டரு கீது மிஸ். நாலு வாட்டி சொன்னாதான் எழுந்திரிக்கும்” என்றாள். வீட்டுக்காரரைச் சொன்னாள். அவர் அப்போது கேரளத்தில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்.

பொன்னிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் கைக்குழந்தைக்கும் என் மகளுக்கும் இரண்டு மாதம்தான் வித்தியாசம். அதனால் எங்களுக்குள் பேச நிறைய இருந்தது. பல் முளைப்பது, பேதி, தூங்காத பிள்ளை. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மலையேறும் நாட்களில் எனக்கு மனம் ஒரு நிலையில் இருக்காது. பொன்னி அதைக் கண்டுபிடித்துவிடுவாள். தன் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் போவாள்.

கௌசல்யாவுக்கு அப்பா இல்லை. அம்மா சின்னப்பொண்ணு புளி அடித்து, சாமை விதைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். கௌசல்யா மெதுவாகப் படிப்பாள். ஆனால் ஒரு பிழையைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். ஒரு மூட்டை சாமையைக் குத்தினால் எவ்வளவு அரிசி தேறும் என்று கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதினாள். விடை தப்பாக வந்தது. நிரலில் பிழை இல்லை என்று நான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய் அம்மாவோடு சேர்ந்து குத்திப் பார்த்துவிட்டு வந்து, உமியின் அளவை நாங்கள் குறைத்துப் போட்டுவிட்டோம் என்றாள். இந்தப் பெண் படிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

நகரத்தில் ஒரு கல்லூரி மலைப்பகுதி மாணவிகளுக்கு விடுதியோடு இலவசமாகக் கணினி அறிவியல் இடம் தருவதாக அறிவித்தது. இரண்டு நாள் தேர்வு. முதல் நாள் காலையில் கணினியில் எழுத்துத் தேர்வு, மறுநாள் நேர்காணல். கௌசல்யாவுக்கு அழைப்பு வந்துவிட்டது. தேதி ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் இருந்தது. சின்னப்பொண்ணும் சரி என்றாள். நானும் அவளும் கௌசல்யாவோடு சேர்ந்து ஒரு பையை எடுத்துத் துணியெல்லாம் அடுக்கிவிட்டோம்.

அந்த வருடம் மழை தள்ளிப்போயிற்று. சாமை விதைக்க நிலம் காத்துக் கிடந்தது. ஊர் கூடி அம்மனிடம் பூ கேட்டார்கள். சிலையின் மேல் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. பூ வலப்பக்கம் விழுந்தது. திருவிழாவை ஒரு வாரம் முன்னால் இழுத்து உடனே காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டிய பிறகு ஊரில் இருப்பவர்கள் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக்கூடாது. கௌசல்யாவின் இரண்டு நாள் தேர்வு அந்த நாட்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

நான் முதலில் அம்புரோஸ் சாரிடம் ஓடினேன். கல்லூரியில் பேசித் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு முறை பேசினார். ஓர் ஊர்த் திருவிழாவுக்காக எல்லாருக்கும் தேதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான். ஊரில் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். பேனாவை மூடினார். “நாம சர்ச்சுக்குப் போறவங்க. நாம போய்ச் சாமி விஷயத்துல பேசினா வேற மாதிரி ஆயிடும்” என்றார். பிறகு வழக்கம்போல, “நீங்க இன்னா நினைக்கிறீங்க?”

நான் பேசத்தான் போனேன். ஊர் நாட்டாண்மை வயதானவர். கோபப்படவில்லை. “பொண்ணு படிக்கட்டும்மா. நாங்க இன்னா வேணாம்னா சொன்னோம்? பகல்ல எங்க வேணா போய்ட்டு வரட்டும். ராவு தங்கறது ஊருக்குள்ளதான். எம்பையனே ஆனாலும் அதான்” என்றார்.

அதில் ஒரு வழி இருப்பதாக எனக்குப் பட்டது. இரண்டு நாளும் விடியுமுன் கிளம்பிப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்புவது. பேருந்தில் நடக்காது. ஏழுமலையின் ஜீப்பில் நடக்கும். ஏழுமலையிடம் கேட்டபோது அவர் யோசிக்கக்கூட இல்லை. “நானும் காப்பு கட்டின ஊர்க்காரன்தான் மிஸ். பொழுதோட நானும் ஊரு வந்து சேரணும். அதனால என்ன நம்பலாம்” என்றார். நாட்டாண்மையும் தலையசைத்தார். சின்னப்பொண்ணு மட்டும் என்னிடம், “ராவு வந்துடுவா இல்ல மிஸ்?” என்று இரண்டு தடவை கேட்டாள். வந்துவிடுவாள் என்றேன்.

இரண்டு நாள் ஜீப் ஊரில் இருக்காது என்பதை அப்போது யாரும் பேசவில்லை. அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஜீப் தினமும் சவாரிக்குக் கீழே போய் வருவதுதான். ஆனால் சவாரிக்குப் போகும் ஜீப் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊருக்குத் திரும்பும்.

கல்லூரிக்கு நேரத்தோடு போய்விட்டோம். கௌசல்யாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. பல மலைகளிலிருந்து வந்த பெண்கள் ஒரு நீண்ட நடையில் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய தேர்வு தொடங்கவில்லை. மின்சாரம் போனது. வந்ததும் கணினிகள் ஒன்றோடொன்று இணையவில்லை என்றார்கள். யாரோ வந்து சரிசெய்வார்கள் என்றார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாய் வலித்தது. கழிவறையில் போய்ப் பிழிந்துவிட்டு வந்தேன். வீட்டுக்குப் பேசினேன். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள் என்றார் மாமியார். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு எதுவும் சரியாக மண்டையில் ஏறவில்லை என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். அதுவும் உண்மையா, நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா, தெரியவில்லை.

இரண்டரை மணி இருக்கும்போது, நான்கு மணிக்குத் தேர்வு தொடங்கும் என்று அறிவித்தார்கள். ஏழுமலை வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

“மிஸ், இப்ப கெளம்பினாதான் பொழுதோட போலாம்.”

தேர்வுப் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த கல்லூரிக்காரப் பெண்மணியிடம் போய், இந்தப் பெண் நாளைக்கு எழுதலாமா என்று கேட்டேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். இன்று எழுதாவிட்டால் வராதவர் என்று பதிவாகிவிடும், நாளை நேர்காணலுக்கும் பெயர் வராது என்றார். வெளியே வந்து அம்புரோஸ் சாருக்குப் போன் செய்தேன். முழுவதையும் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது போல இருந்தது.

“நீங்க இன்னா நினைக்கிறீங்க ஜெசி?”

“பொண்ணு எழுதணும் சார்.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

கௌசல்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் வந்துடறேன் மிஸ். போலாம்” என்றாள். பிறகு, “போய்ட்டா அவ்ளோதானே மிஸ்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “ஊர்ல அம்மாவ இன்னா சொல்வாங்க?”

சாரைப் போல நானும் பேசாமல் நின்றிருக்கலாம். பதினேழு வயதுப் பெண் தானே ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பாள். எது நடந்தாலும் அது அவளுடையதாகிவிட்டிருக்கும். என்னால் அப்படி நிற்க முடியவில்லை. “அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நீ உள்ள போய் எழுது” என்றேன். அவள் சட்டைக் கையை இழுத்துக் கயிற்றை மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நடந்ததில் இன்னும் ஒன்று இருக்கிறது. நான் அலைந்து, கேட்டு, போன் பேசி முடிக்கும்வரை ஏழுமலை காத்திருந்தார். தேர்வு தொடங்கிய பிறகும், கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடாதா என்று வாசலில் நின்றார். போய்விடுங்கள் என்று நான் சொன்னபோது நான்கரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. “நான் போய் சொல்லிக்கறேன் மிஸ்” என்று கிளம்பினார்.

அன்று இரவு நானும் கௌசல்யாவும் கல்லூரி விடுதியில் தங்கினோம். மறுநாள் நேர்காணலுக்கு அவள் உள்ளே போன பிறகு ஏழுமலையின் அழைப்பு வந்தது.

முந்தின நாள் மதியம் பொன்னியின் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியிருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் வலிப்பு வந்திருக்கிறது. ஊரில் இருந்த இரண்டு பைக்குகளும் திருவிழாச் சாமான் வாங்கக் கீழே போயிருந்தன. புளியமரத்து வளைவில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் ஆம்புலன்ஸுக்குப் பேசியிருக்கிறார்கள். தார்ச்சாலை முடிகிற இடத்தில் வந்து நிற்கும், அங்கே கொண்டு வாருங்கள் என்றார்கள். ஜீப் வந்துவிடும், ஜீப் வந்துவிடும் என்று கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார்கள். பிறகு பொன்னி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கியிருக்கிறாள். கூடப் பெண்கள் ஓடியிருக்கிறார்கள். அவர்கள் இறங்கும்போது பாதி வழியில் ஏழுமலையின் ஜீப் எதிரே ஏறி வந்திருக்கிறது. அந்தக் கல்பாதையில் வண்டியைத் திருப்ப இடம் இல்லை. பொன்னியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ரிவர்ஸிலேயே இறக்கியிருக்கிறார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது குழந்தைக்கு உயிர் இல்லை.

போனை வைத்தேன். கௌசல்யா கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டாளாம்.

திருவிழா முடியும்வரை அவளை ஊருக்குள் அனுப்ப வேண்டாம் என்று ஏழுமலை சொல்லியிருந்தார். அடிவாரத்தில் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. என் மகளைத் தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகினாள். நான் மட்டும் மூன்றாம் நாள் மேலே போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, ஏசவும் இல்லை. காப்புக் கட்டிய ஊரிலிருந்து ஒருத்தி வெளியே தங்கினாள், அன்றைக்கே ஓர் உயிர் போனது. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. சின்னப்பொண்ணுவுக்கு அபராதம் போடவில்லை. கோயில் முன்னால் வரிசையாகப் பொங்கல் வைக்க அடுப்புக்கு இடம் பிரித்தபோது அவளுக்கு இடம் விடவில்லை, அவ்வளவுதான். அவள் பானையோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னார்கள்.

பொன்னி வீட்டுக்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று எத்தனையோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

“உங்க பாப்பா நல்லா கீதா மிஸ்?”

நன்றாக இருக்கிறாள் என்றேன்.

“ஜீப்பு அங்கேர்ந்து எத்தினி மணிக்கு கெளம்பிச்சி மிஸ்?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. நான்கரைக்கு மேல் என்றேன். அவள் தலையைக் குனிந்தபடி மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது.

“காப்பு கீப்பு எல்லாம் எனக்குத் தெரியாது மிஸ். வண்டி இருந்திருந்தா புள்ளைய தூக்கினு போயிருப்பேன்” என்றாள். பிறகு எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜீப் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று எங்கள் ஊர் செவிலியரிடம் பிறகு கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்பதை எவ்வளவு நாள் வைத்துக்கொள்வது?

கௌசல்யாவுக்கு இடம் கிடைத்தது. அறக்கட்டளையின் ஆண்டறிக்கைக்கு அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அம்புரோஸ் சார் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். ஊர்க் கட்டுப்பாட்டை உடைத்து, மூடநம்பிக்கையை வென்று வந்த மாணவி என்று ஆகியிருந்தது. குழந்தை இறந்த வரி இல்லை. கேட்டேன். “அது வேற விஷயம்மா. இதுல எதுக்கு?” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் என்ன நினைக்கிறேன் என்றுதான் கேட்டிருப்பார்.

ஊர் காப்பை மட்டும் பேசியது. அறிக்கை மூடநம்பிக்கையை மட்டும் பேசியது. வண்டியைப் பற்றிப் பேசியவள் பொன்னி ஒருத்திதான். அந்த ஊர்க்காரர்களை அறியாதவர்கள் என்று இதைப் படிக்கிற யாரும் நினைத்துவிடக் கூடாது என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் ஊரில் இருக்க வேண்டும் என்ற அந்தக் கட்டுப்பாட்டின்படி நடந்திருந்தால் ஜீப்பும் ஊரில் இருந்திருக்கும். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்காகக் கௌசல்யா தேர்வை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்றும் சொல்ல வாய் வரவில்லை.

வகுப்புக்கு வர வேண்டாம் என்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை. ஒருத்திக்கு அண்ணன் கல்யாணம், ஒருத்திக்கு ஆடு மேய்க்க ஆள் இல்லை, ஒருத்தி பெரியம்மா ஊருக்குப் போய்விட்டாள். நான் வீடு வீடாகப் போனேன். முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள், மகளைப் பற்றி விசாரித்தார்கள். பிள்ளைகளை அனுப்பவில்லை. ஒருத்தியைப் படிக்க அனுப்பினேன். அந்த ஊரில் படித்துக்கொண்டிருந்த மற்ற எல்லாரையும் இழந்தேன். அலுவலகச் சுவரில் ஒரு படத்துக்குத்தான் இடம் இருக்கிறது.

கடைசிவரை வந்தவள் அஞ்சலி. தம்பி போன பிறகும் வந்தாள். பொன்னி அவளைத் தடுக்கவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் வந்து நிற்பதை நிறுத்திவிட்டாள். வேறு ஊருக்கு மாற்றுகிறோம் என்று அலுவலகம் சொன்னதும் கணினிகளை எடுத்துப்போக நான் ஏழுமலையோடு போனேன். அஞ்சலி ஒரு கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். சிக்னல் இல்லாத ஊரில் எந்த இடத்தில் நின்றால் போன் எடுக்கும் என்று பாதையை வரைந்து குறித்துக்கொண்டிருந்தாள். புளியமர வளைவைத் தவிர இன்னும் இரண்டு இடங்களைக் கண்டுபிடித்திருந்தாள். தானே நடந்து நடந்து பார்த்தாளாம். நிரல் பாதிதான் ஆகியிருந்தது. முடித்துவிடட்டுமா மிஸ் என்று கேட்டாள். ஏழுமலை மற்றக் கணினிகளை ஏற்றும்வரை இருக்கட்டும் என்றேன். வெளியே பொன்னி ஒரே ஒரு முறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அஞ்சலி எழுந்துவிட்டாள். “சேவ் பண்ணிட்டேன் மிஸ்” என்று மூடிக் கையில் கொடுத்தாள். அலுவலகத்தில் எட்டுக் கணினிகளிலும் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக்கிக் காவலூர் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அவள் எழுதியதை எடுத்து வைத்துவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதற்குள் அந்த வேலை முடிந்திருந்தது. அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

கௌசல்யா இப்போது மூன்றாம் ஆண்டு. நன்றாகப் படிக்கிறாள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாள், ஓரிரு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். “ஊர்ல மத்தவங்க பேசறாங்க மிஸ். பொன்னியக்காதான் என்னப் பாத்தா உள்ள போய்டுது” என்று ஒரு முறை போனில் சொன்னாள். அன்று நான் உள்ளே போ என்று சொன்னது சரியா என்று அவள் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று தினமும் ஒத்திகை பார்க்கிறேன். சரி என்றுதான் பாதி நாள் வருகிறது. மீதி நாள், என் மகள் இருமினால்கூட வேறு பதில் வருகிறது.

ஸ்டெல்லா, அந்த ஊரில் மறுபடி தொடங்கச் சொல்கிறார்கள் என்றாய். ஒரு பெண்ணை வெளியே கூட்டிப் போவதற்கு முன்னால், ஊருக்கு வேறு வண்டி இருக்கிறதா என்று பார். உன்னிடம் யாராவது நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டால், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் சார் என்று திருப்பிக் கேள். பதில் வரும்வரை போனை வைக்காதே. மற்றபடி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

அஞ்சலி பத்தாம் வகுப்பில் இருப்பாள். அவளைத் தேடி நீ நேரே போகாதே. பொன்னியிடம் போ. கணினி என்று ஒரு வார்த்தை பேசாதே. உள்ளே உட்காரச் சொன்னால் உட்கார். அறிக்கையில் இல்லாத ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு போ. அந்தக் குழந்தையின் பெயர் தமிழரசன். பொன்னி அவனைப் பற்றிப் பேசினால், அவள் நிறுத்தும்வரை இருந்து கேள்.